தாக்குதல் வழக்கு: கொழும்பு நீதவான் நீதிமன்ற நடைமுறை

ஒருவரை அடித்தோ வெட்டியோ குத்தியோ உடலை நோகச் செய்ததாகக் கூறித் தொடரப்படும் குற்றவியல் வழக்கே தாக்குதல் வழக்கு. இலங்கையில் குற்றமும் தண்டனையும் எவையென்று சொல்வது 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவை. வழக்கு நடக்கும் முறையை வகுப்பது 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. இரண்டும் நாடு முழுவதற்கும் ஒன்றே. ஆனால் கொழும்பில் தமிழர் செறிந்து வாழும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நடக்கும் அடிபிடி சிங்களத்தில் இயங்கும் நீதிமன்றத்துக்குப் போகிறது. அதனால் பொலிஸ் நிலையத்தின் முதல் மணிநேரம் இங்கே மற்ற இடங்களைவிடக் கனதியானது.

பேச்சில் எல்லாம் 'அடிபிடி கேஸ்'தான். தண்டனைச் சட்டக்கோவை அதைத் தரம் பிரிக்கிறது. கை ஓங்கியது, பிடித்துத் தள்ளியது போன்றவை 343ஆம் பிரிவு. நோவோ காயமோ உண்டாக்கினால் 314. அதற்கு ஒரு வருடம்வரை சிறை. வெட்டும், குத்தும், சுடும் கருவியாலோ, உயிர்போகக்கூடிய வேறு ஆயுதத்தாலோ காயம் விளைந்தால் 315. எலும்பு முறிவு, பல் உடைவு, கண் அல்லது காது கெடுதல், முகத்தில் நிரந்தர வடு, 20 நாட்களுக்கு அன்றாட வேலை செய்ய முடியாத நிலை ஆகியவை கடுங்காயம். அது 316ஆம் பிரிவின்கீழ் 7 வருடம்வரை சிறைக்குரியது. ஆயுதம் சேர்ந்தால் 317. கொல்லும் எண்ணத்தோடு தாக்கியதாகத் தெரிந்தால் 300ஆம் பிரிவின்கீழ் கொலை முயற்சி. அந்த வழக்கில் சட்டமா அதிபர் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய, விசாரணை மேல் நீதிமன்றத்தில் நடக்கும்.

எந்தப் பிரிவு என்பதைத் தீர்மானிப்பதில் சட்ட வைத்திய அதிகாரியின் பங்கு பெரியது. அடிபட்டவர் பொலிஸுக்குப் போனால் அங்கே சட்ட வைத்தியப் பரிசோதனைப் படிவம் ஒன்று கொடுத்து அரசாங்க வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். நேரே வைத்தியசாலைக்குப் போனால் அங்குள்ள பொலிஸ் காவலரணில் அது நிரப்பப்படும். கொட்டாஞ்சேனைக்காரருக்குத் தேசிய வைத்தியசாலையும் வெள்ளவத்தைக்காரருக்குக் களுபோவில வைத்தியசாலையும் கிட்ட. காயம் சாதாரணமானதா, கடுமையானதா, உயிருக்கு ஆபத்தானதா, மொட்டையான ஆயுதத்தாலா, கூரான ஆயுதத்தாலா என்பவற்றை வைத்தியர் அந்தப் படிவத்தில் குறிப்பார். தனியார் மருத்துவமனையில் கட்டுப்போட்டுக்கொண்டு வீடு திரும்பி, இரண்டு மூன்று நாள் கழித்து முறைப்பாடு செய்பவர்கள் இழப்பது இந்தப் பதிவைத்தான். கன்றிய தோல் ஆறிவிடும்; பிறகு எந்த நிபுணராலும் அதை வாசிக்க முடியாது.

அடுத்தது வாக்குமூலம். நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகத் தரப்படும் முறைப்பாட்டை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அந்த மொழியில் எழுத இயலாவிட்டால், முறைப்பாட்டாளரையே எழுதித்தரும்படி பொலிஸார் கேட்க வேண்டும். அதுவும் முடியாதபோதுதான் வேறு மொழியில் எழுதலாம். அப்போதும் காரணத்தைப் பதிந்து, அவருக்கு விளங்கும் மொழியில் சொல்லிக்காட்ட வேண்டும். தமிழில் எழுதித்தருவது சலுகையல்ல, சட்டம் தந்த வழி. கொழும்புத் தமிழர் பலருக்கு இது தெரியாது. அரைகுறைச் சிங்களத்தில் சொல்லி, எழுதியதை வாசிக்கத் தெரியாமலே கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார்கள்.

இதன் விளைவு சாட்சிக்கூண்டில்தான் தெரியும். 'பொல்லால் அடித்தான்' என்று சொன்னது 'இரும்புக் கம்பி' என்று பதிவாகியிருக்கலாம்; முதலில் அடித்தவர், பிறகு பிடித்தவர் என்ற வரிசை மாறியிருக்கலாம். மாதங்களோ வருடங்களோ கழித்து அவர் கூண்டில் ஏறி உள்ளதைச் சொல்லும்போது, எதிரியின் (குற்றஞ்சாட்டப்பட்டவரின்) சட்டத்தரணி அந்தப் பழைய வாக்குமூலத்தை எடுத்து, 'நீர் அன்று பொலிஸில் இப்படியல்லவா சொன்னீர்' என்பார். பொலிஸ் வாக்குமூலம் தன்னளவில் குற்றத்தை நிரூபிக்காது, ஆனால் சாட்சியின் முரண்பாட்டைக் காட்ட அது பயன்படும். முரண்பாடுகள் ஒவ்வொன்றாக அடையாளமிடப்படும். உண்மை சொல்லும் சாட்சி பொய்யராகத் தோன்றுவது இப்படித்தான். நீதிமன்றத்தின் பல பிழைகளை மேன்முறையீட்டில் திருத்தலாம். பொலிஸ் புத்தகத்தில் விழுந்த பிழை வழக்கு முடியும்வரை கூடவே வரும்.

பிடியாணையின்றிக் கைதான சந்தேகநபரைப் பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். கொட்டாஞ்சேனை வழக்குகள் போய்ச்சேருவது புதுக்கடை நீதிமன்றத் தொகுதிக்கு. விசாரணை முடியாதிருந்தால் பொலிஸார் 'பீ அறிக்கை' மூலம் நிலைமையைத் தெரிவிப்பார்கள். பிறகு பிணையா, விளக்கமறியலா என்பது தீர்மானமாகும். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை வழங்குவதையே பொதுவிதியாக்கி, மறுப்பதை விதிவிலக்காக வைத்திருக்கிறது.

அயலவர் சண்டையில் சிறு காயம் என்றால் வழக்குக்கு முன் இன்னொரு படி உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைக்கு அது போகவேண்டும். அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது. இணக்கம் ஏற்படாவிட்டால் சபை தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றத்தை அணுகலாம். ஒரே மாடிக்கட்டிடத்தில் தொடர்ந்து வாழவேண்டிய இரு குடும்பங்களுக்கு இந்த வழி நல்லது. வீட்டுக்குள் அடிவாங்கும் பெண்ணை இதே வழியில் தள்ளுவதை நல்லதென்று சொல்ல முடியாது.

பொலிஸ் வழக்குப்போடாவிட்டால், பாதிக்கப்பட்டவரே சட்டத்தரணி மூலம் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 136ஆம் பிரிவின்கீழ் தனிப்பட்ட முறைப்பாடு தாக்கல் செய்யலாம். பொலிஸ் வழக்குகளை நீதவான் நீதிமன்றத்தில் பெரும்பாலும் பொலிஸ் அதிகாரிகளே நடத்துகிறார்கள்.

குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டதும் எதிரி குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்கப்படுவார். சுற்றவாளி என்றால் விசாரணைக்குத் தவணை. சாட்சி வரவில்லை, வைத்திய அறிக்கை வரவில்லை, சட்டத்தரணி இல்லை என்று தவணைகள் நீளும். இடையில் இரு தரப்பும் சமரசமானால், அதே சட்டக்கோவையின் 266ஆம் பிரிவு அனுமதிக்கும் குற்றங்களில் அது எதிரியின் விடுதலைக்கு ஒப்பாகும். சமரசம் இல்லாவிட்டால் முறைப்பாட்டாளர், கண்ட சாட்சி, வைத்தியர், விசாரணை செய்த பொலிஸார் என்று சாட்சியம் நடக்கும். எதிரி பேசாமல் இருக்கலாம்; சத்தியம் செய்து சாட்சியமளிக்கலாம்; கூண்டில் நின்றபடி சத்தியமில்லாத கூற்றும் சொல்லலாம்.

குற்றம் நிரூபணமானாலும் எல்லாரும் சிறைக்குப் போவதில்லை. நீதவான் பொதுவாக விதிக்கக்கூடிய சிறை 2 வருடத்துக்கு மேற்படாது. ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை, தண்டப்பணம், காயப்பட்டவருக்கு நட்டஈடு என்பனவும் உண்டு. மேன்முறையீடு 14 நாளுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்குச் செய்யப்பட வேண்டும்.

நீதிமன்ற மொழி விளங்காத தரப்பினருக்கு மொழிபெயர்ப்பும், சட்டப்படி பெறக்கூடிய பதிவேட்டின் தமிழ் வடிவமும் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தரும் உரிமைகள். கட்டணம் கட்ட வசதியில்லாதவர்கள் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.