உருமாறும் ஊடுருவலரும் விசுவாசச் சோதனையும்: அமெரிக்க அறிவியல் புனைவில் ஒரு கருத்தின் வரலாறு (1938–2023)

ஆய்வுச் சுருக்கம்

வேற்றுலகினர் மனித உருவெடுத்துச் சமூகத்திற்குள் ஊடுருவும் ஒற்றர் கதைகள் பெரும்பாலும் பனிப்போர்க்காலப் பொதுவுடைமை எதிர்ப்பின் உருவகங்களாகவே விளக்கப்பட்டு வருகின்றன. அவ்விளக்கம் முழுமையானதன்று என்பது இக்கட்டுரையின் கருத்து. 1938 முதல் 2023 வரை வெளிவந்த குறிப்பிடத்தக்க படைப்புகள், 'விசுவாசச் சோதனை' என்னும் அரசு நடைமுறையின் வரலாற்றோடு இங்கு இணைத்து நோக்கப்படுகின்றன. பகைவனை அடையாளம் காணும் வழி யாது என்ற வினாவில் தொடங்கிய இவ்வகைக் கதைகள், அவ்வினாவை எழுப்பும் அதிகாரத்தையே வினவும் நிலைக்கு வந்துள்ளன என்பது இதன்வழி நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உருமாற்றம், ஊடுருவல், ஒற்றாடல், விசுவாசச் சோதனை, பனிப்போர், ஸ்க்ரல்

1. முன்னுரை

ஒற்றனை மையமாகக் கொண்ட புனைவில் ஐயம் ஒரு மனிதனின் செயல்மீது எழுகிறது. உருமாறும் வேற்றுலகினனை மையமாகக் கொண்ட புனைவிலோ, ஐயம் அம்மனிதனின் இருப்பின்மீதே எழுகிறது. முகம், குரல், நினைவு ஆகிய அனைத்தும் பொருந்தியிருக்க, அவன் அவன்தானா என்ற வினா மட்டும் எஞ்சுகிறது. ஆதலின் இவ்வகைக் கதைகள் யாவற்றிலும் ஒரு சோதனை இடம்பெறுகிறது. அச்சோதனையை யார் நடத்துகின்றனர், அதில் யார் சிக்குகின்றனர், யார் தப்புகின்றனர் என்பனவற்றைக் காலவரிசையில் நோக்கினால் இக்கருத்தின் வளர்ச்சி புலப்படும்.

2. குருதிச் சோதனை

இவ்வகையின் முன்மாதிரிகளுள் ஒன்றான 'ஹூ கோஸ் தேர்?' என்னும் குறுநாவல், 1938 ஆகஸ்டு மாத 'அஸ்டௌண்டிங்' இதழில் வெளிவந்தது. அவ்விதழின் ஆசிரியரான ஜான் டபிள்யூ. கேம்பெல் இதனை டான் ஏ. ஸ்டூவர்ட் என்னும் புனைபெயரில் எழுதினார். அண்டார்க்டிகாவில் பனிக்குள் உறைந்து கிடந்த உயிரொன்று உருகி எழுந்து, ஆய்வு முகாமில் உள்ளவர்களின் உருவையும் நினைவையும் கவர்ந்துகொள்கிறது. முகாமினர் முதலில் மேற்கொள்ளும் குருதிச் சோதனை தோல்வியடைகிறது. சோதனைக்குக் குருதி வழங்கிய இருவருள் ஒருவரே மனிதரல்லர் என்பது அதனால் வெளிப்படுகிறது. இறுதியில், சூடேற்றிய கம்பியைக் குருதியில் தோய்க்கும் சோதனை வெற்றி பெறுகிறது. வேற்றுயிரின் குருதி தன்னைக் காத்துக்கொள்ளத் துடிக்கிறது.

இங்கு இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இக்கதை பனிப்போருக்கு ஏறத்தாழ ஒரு பத்தாண்டு முற்பட்டது. எனவே இவ்வகைப் புனைவின் தோற்றத்தைப் பொதுவுடைமை அச்சத்தில் மட்டும் தேடுதல் பொருந்தாது. இரண்டாவது, சோதிக்க முற்படுவோரே ஐயத்திற்குரியவராகலாம் என்ற சிக்கலைத் தொடக்கத்திலேயே எழுப்பிய போதிலும், தவறாத சோதனை ஒன்று உண்டு என்ற நம்பிக்கையை இக்கதை கைவிடவில்லை. உண்மை குருதியில் இருக்கிறது என்பதே அதன் முடிபு.

3. வினாத்தாள் சோதனை

பகைமை குருதியில் இருக்கிறது என்ற எண்ணம் விரைவில் அரசின் கொள்கையாயிற்று. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த 9066ஆம் எண் நிர்வாக ஆணையின் வழி, ஜப்பானிய மரபினர் ஏறத்தாழ 1,20,000 பேர் மேற்குக் கடற்கரையிலிருந்து வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். இந்நடவடிக்கையைப் பரிந்துரைத்த படைத்தலைவர் ஜான் டிவிட், அதுவரை நாசவேலை எதுவும் நிகழாமையே இனி அது நிகழும் என்பதற்கு அறிகுறி என்று வாதிட்டார். சான்றின்மையே சான்றாகக் கொள்ளப்பட்ட இத்தருக்கத்தின்முன் எவரும் தம் குற்றமின்மையை மெய்ப்பிக்க இயலாது.

1943இல் முகாமினரிடம் வினாத்தாள் ஒன்று வழங்கப்பட்டது. அதன் 28ஆம் வினா, அமெரிக்காவிடம் முழு விசுவாசத்தையும், ஜப்பானியப் பேரரசரிடம் கொண்ட பற்றைத் துறப்பதையும் ஒருங்கே கோரியது. அந்நாளில் ஜப்பானில் பிறந்தோர் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டம் இடந்தரவில்லை. 'ஆம்' என்று விடையளித்தால் அவர்கள் எந்நாட்டுக்கும் உரியரல்லாதவர் ஆவர். அமெரிக்காவில் பிறந்தோருக்கோ, 'துறக்கிறேன்' என்பது முன்னர் அப்பற்று இருந்ததை ஒப்புக்கொள்வதாகும். பின்னர் முதல் தலைமுறையினருக்காக வினாவின் சொற்கள் மாற்றப்பட்டன. ஆயினும் 'இல்லை' என்று விடையளித்தோர் டூலி லேக் முகாமுக்குப் பிரித்து அனுப்பப்பட்டனர். 1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 5,000க்கும் மேற்பட்டோர் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பிற்காலத்தில் அதனை மீளப் பெற்றமை, அத்துறப்பு எத்தகைய சூழலில் நிகழ்ந்தது என்பதைக் காட்டும்.

1980இல் அமெரிக்கக் காங்கிரஸ் அமைத்த விசாரணை ஆணையம், மேற்குக் கடற்கரை ஜப்பானிய மரபினர் ஒற்றாடலிலோ நாசவேலையிலோ ஈடுபட்டதாக ஆவணச் சான்று ஒன்றேனும் இல்லை என்று முடிவு செய்தது. பிளவுபட்ட விசுவாசத்தைக் கண்டறியப் புகுந்த சோதனை, பிளவு இல்லாத இடத்தில் அதனை உண்டாக்கியது எனலாம்.

4. 1950களின் புனைவுகள்

1947 மார்ச் 21 அன்று அதிபர் ட்ரூமன் பிறப்பித்த 9835ஆம் எண் ஆணை, கூட்டரசுப் பணியாளர் அனைவரையும் விசுவாச விசாரணைக்கு உட்படுத்தியது. குற்றஞ்சாட்டியவர் யார் என்பதை அறியும் உரிமை விசாரிக்கப்பட்டோருக்கு உறுதி செய்யப்படவில்லை. இச்சூழலில் வெளிவந்த மூன்று படைப்புகள் சோதனையை மூன்று வகையாகக் காண்கின்றன.

ராபர்ட் ஹைன்லைனின் 'தி பப்பெட் மாஸ்டர்ஸ்' (1951), ஒற்றர் கதையையும் வேற்றுலகினர் கதையையும் நேரடியாக இணைத்தது. இரகசிய முகவன் ஒருவனே கதைசொல்லி. வேற்றுலக ஒட்டுண்ணிகள் மனிதரின் முதுகில் ஏறி அவரை ஆட்டுவிக்கின்றன. இந்நாவல் அவற்றைச் சோவியத் ஆட்சியோடு வெளிப்படையாகவே ஒப்பிடுகிறது. இங்குச் சோதனை எளிது. மேலாடையைக் களைந்தால் போதும். களைய மறுப்பவர் பகைவர். குடிமக்கள் தம் அந்தரங்கத்தை விட்டுக்கொடுத்தால் பாதுகாப்புக் கிட்டும் என்ற நம்பிக்கை இதில் தெளிவாக உள்ளது.

பிலிப் கே. டிக்கின் 'இம்போஸ்டர்' (1953) இதற்கு நேர்மாறானது. படைத்துறை ஆய்வில் பணிபுரியும் ஓல்ஹம், வேற்றுலகினர் அனுப்பிய வெடிகுண்டு தாங்கிய இயந்திர மனிதன் என்று குற்றஞ்சாட்டப்படுகிறான். தான் மனிதனே என்று அவன் மனமார நம்புகிறான், வாசகரும் நம்புகின்றனர். இறுதியில் குற்றச்சாட்டே உண்மையாகிறது. அவ்வுண்மையை அவன் உணரும் கணத்தில் குண்டு வெடிக்கிறது. ஒருவர் தம் விசுவாசத்தைப் பற்றித் தாமே தரும் சான்றுக்கும் மதிப்பில்லை என்ற நிலைக்கு இக்கதை சோதனையை இட்டுச் செல்கிறது.

ஜாக் ஃபின்னியின் நாவலைத் தழுவி டான் சீகல் இயக்கிய 'இன்வேஷன் ஆஃப் தி பாடி ஸ்நாட்சர்ஸ்' (1956) திரைப்படத்தில், பெண்ணொருத்தி தன் மாமன் தன் மாமனல்லன் என்கிறாள். உருவமும் நினைவும் முற்றும் பொருந்துகின்றன. உணர்ச்சி மட்டும் இல்லை. இப்படம் பொதுவுடைமை எதிர்ப்பாகவும், செனட்டர் மெக்கார்த்தியின் வேட்டைக்கு எதிரான கண்டனமாகவும் பொருள்கொள்ளப்பட்டுள்ளது. இவ்விரு பொருளுக்கும் படம் இடந்தருவதன் காரணம் அதன் சோதனைக் காட்சியில் உள்ளது. நாயகனும் நாயகியும் உணர்ச்சியற்றோர் போல நடித்துத் தெருவில் நடக்கின்றனர். நாயொன்று வாகனத்தில் அடிபட நேர்கையில் நாயகி அலறுகிறாள், உடனே அகப்படுகிறாள். ஊடுருவலர் பெரும்பான்மையினராகிவிட்ட ஊரில், சோதனை நடத்துபவர் அவர்களே. மனிதர்தாம் மாறுவேடமிட வேண்டியிருக்கிறது.

5. சோதனையில் தப்பிய உண்மை ஒற்றர்கள்

அக்காலத்தில் சோவியத் ஒற்றர்கள் உண்மையிலேயே இருந்தனர் என்பதை மறுத்தற்கில்லை. ஆயின் அவர்கள் எவ்வாறு கண்டறியப்பட்டனர் என்பது கருதத்தக்கது. ஜெர்மனியில் பிறந்து பிரித்தானியக் குடிமகனான இயற்பியலாளர் கிளாஸ் ஃபுக்ஸ், 1940இல் ஜெர்மானியர் என்ற காரணத்தால் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். அப்போது அவர் ஒற்றர் அல்லர். 1941இல் ஒற்றாடலைத் தொடங்கிய பின்னரோ, பாதுகாப்பு ஒப்புதல் பெற்று லாஸ் அலமோஸ் வரை சென்றார். மறைக்குறியீட்டில் அனுப்பப்பட்ட சோவியத் செய்திகள் படித்தறியப்பட்டமையே அவரைக் காட்டிக்கொடுத்தது. 1950 பிப்ரவரி 2 அன்று அவர் கைது செய்யப்பட்டார். தம் மனத்தை இரு அறைகளாகப் பிரித்து வைத்திருந்ததாக அவர் தம் வாக்குமூலத்தில் விளக்கினார். அடுத்த வாரமே, பிப்ரவரி 9 அன்று, மெக்கார்த்தி வீலிங் நகரில் தம் புகழ்பெற்ற குற்றச்சாட்டை முன்வைத்தார்.

பிரித்தானிய உளவுத்துறையின் கிம் ஃபில்பி 1944இல் சோவியத் ஒற்றாடலை முறியடிக்கும் பிரிவுக்கே தலைவரானார். அவர் சோவியத் ஒற்றர் என்பது உறுதியாகி, 1963இல் மாஸ்கோவுக்குத் தப்பினார். விசுவாசத்தைத் திறம்பட நடிப்பவனே விசுவாசச் சோதனையில் எளிதில் தேறுகிறான் என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

6. வேட்டையாடுபவனே வேற்றுலகினன்

உருமாறும் ஸ்க்ரல் இனம் 1962 ஜனவரி தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இரண்டாம் இதழில் அறிமுகமாயிற்று. ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் படைத்த அக்கதையில் ஸ்க்ரல்கள் நாயகர்களின் உருவில் குற்றம் புரிகின்றனர். பிடிபட்ட மூவர் பசுக்களாக உருமாற்றப்பட்டு, தம்மை மறந்து மேய்கின்றனர்.

ராய் தாமஸ் எழுதிய 'கிரீ–ஸ்க்ரல் போர்' (அவெஞ்சர்ஸ், 1971–72) இக்கதையை அரசியலாக்கியது. அதில் கிராடக் என்பவர் வேற்றுலகினரை வேட்டையாட ஆணையம் ஒன்றை நடத்துகிறார். அமெரிக்கச் சார்பற்ற நடவடிக்கைகளை விசாரித்த நாடாளுமன்றக் குழுவை அவ்வாணையம் நினைவூட்டுகிறது. இறுதியில் கிராடக்கின் உருவில் இருந்தவனே ஸ்க்ரல் என்பது வெளிப்படுகிறது. 1938இல் சோதனைக்கான குருதியில் இருந்த ஐயம், இங்குச் சோதனை நடத்தும் நிறுவனத்தின் தலைமைக்கே சென்றுவிட்டது.

7. மீறப்பட்ட வாக்குறுதி

'கேப்டன் மார்வெல்' (2019) திரைப்படம் ஸ்க்ரல்களை நாடிழந்த ஏதிலிகளாகக் காட்டியது. அதன் தொடர்ச்சியாக வந்த 'சீக்ரெட் இன்வேஷன்' (2023) ஆறு பகுதிகள் கொண்ட ஒற்றர் தொடர். கலை நோக்கில் இது பரவலான பாராட்டைப் பெறவில்லை. எனினும் இக்கருத்தின் வரலாற்றில் இதற்கு இடமுண்டு. உளவுத் தலைவர் நிக் ஃபியூரி, ஸ்க்ரல்களுக்கு வாழிடம் தேடித் தருவதாக உறுதியளித்து, அவர்களைத் தம் ஒற்றர்களாகப் பயன்படுத்துகிறார். முப்பது ஆண்டுகள் கழிந்தும் அவ்வுறுதி நிறைவேறவில்லை. அவரால் ஒற்றனாக வளர்க்கப்பட்ட கிராவிக்கே கிளர்ச்சிக்குத் தலைமையேற்கிறான். ஃபியூரியைக் கொல்லுமாறு பணிக்கப்பட்ட அவருடைய ஸ்க்ரல் மனைவி, அதனைச் செய்ய மறுக்கிறாள்.

முடிவில், ஆட்சியாளர்களின் உருவில் இருந்தோர் அகற்றப்பட்ட பின், அமெரிக்க அதிபர் வேற்றுலகில் பிறந்தோர் அனைவரையும் பகைவராக அறிவிக்கிறார். மக்கள் தாமே வேட்டையில் இறங்க, மனிதரும் கொல்லப்படுகின்றனர். 1942ஆம் ஆண்டு ஆணையின் தருக்கம் இங்குப் புனைவில் மீள்கிறது: செயலன்று, பிறப்பே குற்றம்.

8. முடிவுரை

மேற்கண்டவற்றைத் தொகுத்து நோக்கின், இவ்வகைப் புனைவு ஒரே உருவகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லவில்லை என்பது தெளிவு. கேம்பெல், ஹைன்லைன் ஆகியோரிடம் சோதனை பகைவனைக் காட்டிக்கொடுக்கிறது. டிக்கிடம் அது தன்னறிவையே நம்பத்தகாததாக்குகிறது. சீகலின் படத்தில் அது பகைவரின் கருவியாகிறது. ராய் தாமஸிடம் சோதிப்பவனே பகைவனாகிறான். 2023ஆம் ஆண்டுத் தொடரில் பகைமை, நிறைவேற்றப்படாத வாக்குறுதியின் விளைவாகிறது.

டூலி லேக் முகாமும் கிளாஸ் ஃபுக்ஸின் வழக்கும் ஒருங்கே உணர்த்துவது இதுவே: விசுவாசச் சோதனை குற்றமற்றோரை அந்நியராக்கியது, குற்றமுடையோரைக் கடந்து செல்ல விட்டது. விசுவாசம் ஒருவரின் குருதியில் உறைந்திருக்கும் பொருளன்று. அரசுக்கும் மனிதருக்கும் இடையே இருபுறமும் பேணப்பட வேண்டிய உறவு. ஒரு புறத்தாரிடம் மட்டும் அதற்குச் சான்று கேட்பதன் விளைவை எண்பத்தைந்து ஆண்டுக்காலப் புனைவும் வரலாறும் ஒருசேரப் பதிவு செய்துள்ளன.