பெற்றோல் காருக்கு எப்படி வந்தது கரி?

கறுப்புப் புகை எண்டா நம்மட ஊரில டீசல் லொறியும் உழவு மெசினும்தான். பெற்றோல் கார் 'சுத்தம்' எண்டு பேர் வாங்கியிருந்தது. அந்தப் பேர் ஆட்டம் காணத் தொடங்கியது 1996 இல். ஜப்பானின் மிட்சுபிஷி தனது கலன்ட் காரில் 'ஜீடிஐ' எஞ்சினை இறக்கிய வருடம் அது. பெற்றோலை வெளிக் குழாயில் தூவாமல் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் முறை. புதுச் சரக்கல்ல, 1954 இன் மெர்சிடிஸ் 300 எஸ்எல்லிலும் இதுதான். எண்ணெய் மிச்சமாகுது எண்டதும் மற்றக் கம்பனிகளும் பின்னால் வந்தன.

சிக்கல் விடியற்காலையில்தான். இரவெல்லாம் நின்ற காரை சுபஹுக்கு ஸ்டார்ட் பண்ணும்போது பிஸ்டனும் சிலிண்டர் சுவரும் ஆறிப்போயிருக்கும். அதில் படும் பெற்றோல் ஆவியாகாமல் ஈரமாக ஒட்டி, காற்றோடு சரியாகக் கலக்காமல் எரிந்து கரித்துகளாகிறது. நம்மட வெக்கைக்குக் குளிர் ஏது எண்டு கேட்பீங்க. வேலை செய்யும் எஞ்சினின் சூடு சுமார் 90 பாகை. அதுக்கு நம்மட 27 பாகையும் குளிர்தான்.

ஐரோப்பா இந்தத் துகள்களை எண்ணத் தொடங்கி, 2014 இல் யூரோ 6 மூலம் எல்லை போட்டது; 2017 இல் அதைப் பத்து மடங்கு இறுக்கியது. இலங்கையில் 2008 இல் வந்த புகைப் பரிசோதனை பெற்றோல் வாகனத்தில் காபன் மொனொக்சைட்டையும் ஐதரோகாபனையும்தான் அளக்கிறது. கரியைத் தேடுவது டீசலில் மட்டும். அதோட, நிலையத்துக்கு ஓடிப் போய்ச் சேருமுன்னே எஞ்சின் சூடாகிவிடும். நாம ஆசைப்பட்டு இறக்கிய ஹொண்டா வெசல் ஹைபிரிட்டும் நேரடிப் பீய்ச்சல் வகைதான். அதன் சேர்ட்டிபிகட் சுத்தம். அந்த முதல் நிமிடக் கரி போவது வீட்டு வாசலில், ஒழுங்கையால் ஓதப் போற பிள்ளைகளின் மூக்குக்குள்.