பறை அறைந்தவர்க்கு எட்டாத செய்தி

நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவதென்று சில நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாலை, கழகப் படிப்பகத்தின் வாயிலில் உள்ள கரும்பலகையின் முன் நின்றிருந்த முதியவர் ஒருவர், "வாத்தியாரய்யா, இன்னிக்கு என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார். இளமையில் செங்கற்பட்டுப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தண்டோராப் போட்டவர் அவர். ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவர்க்கு இன்று செய்தி சொல்ல ஓர் ஆள் தேவைப்படுகிறது. கட்டுரைக்குரிய பொருள் அப்போதே கிடைத்துவிட்டது.

ஊர்ச் செய்தியை அறிவிக்கும் தொழில் நம் நாட்டில் மிகப் பழையது. மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதையே விழாவறை காதை. புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடக்கவிருக்கும் இந்திர விழாவை, முதுகுடியிற் பிறந்த ஒருவன் யானையின் மீது முரசேற்றி அறைகின்றான். தெருக்களில் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள், தோரணம் கட்டுங்கள், பகைவரோடும் பூசலிடாது விலகுங்கள் என்று அவன் நகர மக்களுக்குச் சொல்லுகின்றான். இன்றைய மாநகராட்சியின் துப்புரவு அறிவிப்பு, விழா அறிவிப்பு, காவல்துறை அறிவிப்பு மூன்றும் அவன் ஒருவன் வாயிலேயே இருந்தன. அவன் பிறந்த குடியைக் காப்பியம் பெருமையோடு குறிக்கின்றது.

அந்தப் பெருமை பிற்காலத்தில் எங்கே போயிற்று? சிற்றூர்களில் பறை அறைந்து செய்தி சொல்லும் வேலை நம் மக்களின் தலையில் கட்டப்பட்ட ஊழியமாயிற்று. வரி கட்டும் நாளை அவன் சொன்னான். வரி கட்ட அவனுக்கு நிலம் இல்லை. கோயில் திருவிழாவை அவன் சொன்னான். தேர் ஓடும் தெருவில் அவன் கால் வைக்க இயலவில்லை. நம் முதியவர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: "நான் சொன்ன சேதியில ஒண்ணுகூட எங்க தெருவுக்குன்னு இருந்ததில்லீங்க." இந்த ஒரு வாக்கியத்தை நான் படித்த எந்த வரலாற்று நூலிலும் காணவில்லை. தண்டோராப் போடும் வழக்கத்தைக் கைவிட்டு, வண்டிகளில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறு தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான். விடுதலை பெற்று முக்கால் நூற்றாண்டு கழிந்த பின்னர் என்பதை இளைஞர்கள் கருதிப் பார்த்தல் வேண்டும்.

நம் செய்தியை நாமே அச்சிட்டுக்கொள்வோம் என்று எழுந்த பெரியோர்கள் சென்னையிலேயே இருந்தனர். 1893 ஆம் ஆண்டு இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். எந்தப் பெயரைச் சொல்லிப் பிறர் இழித்தனரோ அந்தப் பெயரையே தலைப்பில் இட்டார். முதலிதழ் சென்னையில் இரண்டு நாளில் நானூறு படிகள் அளவில் விற்றுப்போனதாக அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் எழுதியிருக்கிறார். எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த ஒரு மக்கள் கூட்டத்தில் இவ்வளவு படிகளா என்று வியக்க வேண்டியதில்லை. ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பது அந்நாளைய வழக்கம்.

அடுத்து 1907 ஜூன் 19 ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. புதன்கிழமைதோறும் நான்கு பக்கம். மறு ஆண்டு 'தமிழன்' என்று பெயர் சுருங்கிற்று. 1914 இல் பண்டிதர் மறையும் வரை அவர் கையில் அது தவறாது நடந்தது. ஒரு பைசா என்று விலையையே பெயராக்கியதில் ஒரு கணக்கு இருக்கிறது. கூலி வேலை செய்பவனும் வாங்கக் கூடியது என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது அல்லவா?

ஆயினும் இதழ் வேறு, வட்டத்து அறிவிப்பு வேறு. நம் தெருவில் குழாய் எப்போது வரும், பள்ளி எங்கே திறக்கும், பெயர்ப் பட்டியல் எங்கே ஒட்டப்பட்டிருக்கிறது என்பனவெல்லாம் நகரசபையின் கையில் இருப்பவை. ஆகவே வட்டம் என்பது எப்படி வந்தது என்பதைச் சற்றே நோக்குவோம்.

சென்னை மாநகராட்சி 1688 செப்டம்பர் 29 இல் தொடங்கியது. 1867 ஆம் ஆண்டுச் சட்டம் நகரை எட்டு வட்டங்களாகப் பிரித்து, வட்டத்திற்கு நால்வராக முப்பத்திருவரை அமர்த்திற்று. அனைவரும் அரசால் நியமனம் பெற்றோரே. 1878 முதல் பாதிப்பேரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வரி செலுத்துவோர்க்குக் கிடைத்தது. குடிசைக்கு ஏது வரி, ஏது வாக்கு? வட்டம் இருந்தது, வட்டத்தில் நாம் இருந்தோம், வட்டத்தின் ஏட்டில் நாம் இல்லை.

எனினும் கதவு மெல்ல மெல்லத் திறந்தது. 1920 இல் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய மாமன்றம், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்குத் தலைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் நண்பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. பசியால் பள்ளிக்கு வாராத பிள்ளைகள் நம் பிள்ளைகளே என்பதால் அது நம் செய்தியும் ஆயிற்று. 1937 இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளை சென்னையின் மேயரானார். அப்பதவியில் அமர்ந்த முதல் ஆதிதிராவிடர் அவரே. பின்னர்ச் சட்டமன்றத்தின் சபாநாயகராகவும் விளங்கினார். 1945 இல் என். சிவராஜ் மேயரானார். அண்ணல் அம்பேத்கருடன் தோளோடு தோள் நின்ற அப்பெருமகனார் சட்டக் கல்லூரிப் பேராசிரியர் என்பதை நம் மாணவர்க்கு நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

இனி நான் கண்ணாற் கண்டது. 1973 இல் முறைகேட்டுப் புகாரைத் தொடர்ந்து சென்னை மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996 இல்தான் நடந்தது. நடுவில் இருபத்து மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்களே நகரை ஆண்டனர். நான் முதல் வகுப்பில் சேர்ந்த நாள் தொட்டு ஆசிரியப் பணியில் அமரும் நாள் வரை, எங்கள் வட்டத்திற்கென்று மாமன்ற உறுப்பினர் ஒருவரை நான் கண்டதில்லை. தெருக்குழாய் பழுதானால் எவரிடம் சொல்வதென்று என் அன்னைக்குத் தெரியாது. யாரோ ஓர் அலுவலகம், யாரோ ஓர் எழுத்தர், எங்கோ ஒரு சாளரம், அவ்வளவே.

அந்நாளில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பதினோராம் வகுப்புப் பயில்கையில் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் குறித்த அறிவிப்பு ஓர் அலுவலகத்தின் உட்சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. வாயிற்காவலரைக் கடந்து உள்ளே போனவர் கண்ணில் மட்டுமே அது படும். என்னுடன் பயின்ற தோழன் ஒருவன், கணக்கில் என்னினும் வல்லவன், நாள் கடந்து மூன்றாம் நாள்தான் அதை அறிந்தான். "போர்டுலதான் போட்டிருந்தோமே" என்று விடை வந்தது. அவ்வாண்டே அவன் படிப்பை விட்டு மூட்டை தூக்கப் போனான். எனக்கு உதவித்தொகை கிடைத்தது. காரணம் என் அறிவன்று. அவ்வலுவலகத்தில் கூட்டும் வேலை செய்த என் அத்தை, எழுத்துத் தெரியாதவராயினும், புதுத் தாள் ஒட்டியிருப்பதைக் கண்டு வந்து என்னிடம் சொன்னார். அச்செய்தியை அவனுக்கும் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றவில்லை. இன்றும் அது நெஞ்சை உறுத்துகிறது.

ஒரு தாளில் பெயர் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிது என்பதற்கு இன்னொரு சான்று. 1970 இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கை செய்யப்பட்டன. 1985 இல் மேலும் 17 சேர்ந்தன. அறிவிக்கை பெற்ற பகுதியில் உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றிக் குடியிருப்போரை வெளியேற்ற வழக்குத் தொடுத்தல் ஆகாது. பட்டியலில் ஏறிய பகுதிக்கு இக்காப்பு உண்டு. ஏறாத பகுதிக்கு இல்லை. தாம் வாழும் பகுதி பட்டியலில் உள்ளதா என்று கேட்டால் விடை சொல்லத் தெரிந்தவர் எங்கள் தெருவில் எத்தனை பேர் இருந்தார்கள்? கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்திற்கும் குடும்பங்கள் அனுப்பப்பட்ட காலங்களில், கணக்கெடுப்பு நாளன்று வேலைக்குப் போய்விட்டுக் கதவைப் பூட்டி வைத்திருந்தவர்கள் பின்னர்ப் பட்ட பாட்டை நம் உறுப்பினர் பலர் அறிவர்.

1992 ஆம் ஆண்டின் எழுபத்து நான்காம் அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளில் பட்டியல் சாதியினர்க்கு மக்கள்தொகைக்கேற்ப இடம் ஒதுக்கியது. மூன்று இலட்சமும் அதற்கு மேலும் மக்கள் உள்ள நகரங்களில் வட்டக் குழுக்களும் வேண்டுமென்றது. சென்னையின் வட்டங்கள் 2011 இல் 200 ஆயின. ஆனால் 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தபின், மறு தேர்தல் 2022 பிப்ரவரி வரை நடக்கவில்லை. பெருந்தொற்றுக் காலம் முழுவதும் மீண்டும் உறுப்பினர் இல்லாத வட்டம்! 2022 மார்ச்சில் பிரியா ராஜன் மேயரானார். அவர் வடசென்னையின் 74 ஆம் வட்டத்திலிருந்து வந்தவர், இந்நகரின் முதல் தலித் பெண் மேயர். அதே ஆண்டு நவம்பர் முதல் நாள், உள்ளாட்சி நாளன்று, நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. அவ்வகைக் கூட்டம் ஒன்றுக்கு நான் போயிருந்தேன். நாற்காலிகள் பல இருந்தன. நம் தெருவினர் என்னையும் சேர்த்து நால்வர். கூட்டம் உண்டென்பதே மற்றவர்க்குத் தெரியாது என்றார்கள்.

அந்த வாரமே நம் கழகக் கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக் கோடிட்டோம். இடப்பக்கம் வழக்கம்போல் வகுப்பு நேரமும் தேர்வுச் செய்தியும். வலப்பக்கம் வட்டச் செய்தி: வாக்காளர் பட்டியல் பார்வைக்கு வைக்கும் நாள், தடுப்பூசி முகாம், தாட்கோ கடன் விண்ணப்பம், உதவித்தொகையின் கடைசி நாள், பகுதி சபை கூடும் இடம். அடியில் மாநகராட்சிப் புகார் எண் 1913 அழியாத வண்ணத்தில் எழுதப்பட்டுள்ளது. கைப்பேசியில் எல்லாம் வருகிறதே, பலகை எதற்கு என்று இளைஞர் சிலர் கேட்டனர். கைப்பேசியில் வருவது உண்மைதான்; நூறு செய்திகளுக்கு நடுவே வருகிறது, அரைமணியில் மேலே ஓடிவிடுகிறது. பலகையில் எழுதியது மறுநாளும் அங்கேயே நிற்கும். அதன் முன் நிற்பவர் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பார்.

அன்று மாலை அம்முதியவர்க்குப் பலகையைப் படித்துச் சொன்னேன். முதியோர் ஓய்வூதிய முகாம் வெள்ளிக்கிழமை என்று இருந்தது. இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டு, மறுநாள் காலை தெருவின் இரு பக்கமும் வீடு வீடாக நின்று அதைச் சொல்லிக்கொண்டே போனாராம். கையில் பறை இல்லை. குரல் மட்டும் பழைய குரல் என்று எதிர்வீட்டு அம்மையார் சொன்னார். வெள்ளியன்று நம் தெருவிலிருந்து பதினேழு பேர் முகாமுக்குச் சென்றனர்.

பலகை எழுதும் பணியை இதுவரை மேல்நிலை வகுப்பு மாணவியர் இருவர் செய்து வந்தனர். அவர்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். வரும் திங்களுக்கு இன்னும் யாரும் பெயர் கொடுக்கவில்லை. கையெழுத்துத் தெளிவாக உள்ளவர்கள் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் படிப்பகத்தில் என்னைக் காணலாம். சுண்ணக்கட்டி கழகம் தரும்.