குருட்டுத் திருக்கை

பெயரில் பள்ளத்தை வைத்துக்கொண்டு பழனிமலையின் மேலே வீற்றிருக்கும் பள்ளங்கியில், பூண்டுப் பாத்திகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு மூடுபனி ஏறிவந்த ஒரு மாலையில், காலடி வரப்பும் கண்ணுக்கு மறைந்த அந்த நேரத்தில், ஒளியே புகாத வேறொரு பள்ளத்தில் வாழும் ஒரு பிராணியின் ஞாபகம் எனக்கு வந்தது.

'இன்வெஸ்டிகேட்டர்' என்னும் அரசாங்க நீராவிக் கப்பல் திருவிதாங்கூர்க் கரைக்கு அப்பால் 430 பாகம் ஆழத்திலிருந்து வாரிக் கொணர்ந்த ஒரு சிறு மின் திருக்கையை, அதற்கு முன் அக்கப்பலிலேயே வைத்தியராகவும் பிராணி ஆராய்ச்சியாளராகவும் பணிபுரிந்த ஆல்காக், எந்த நூலிலும் ஏறாத புதிய இனமென்று கண்டு 1898-இல் உலகுக்கு அறிவித்தார். பாகம் என்பது நம் கடலோர மக்கள் இரு கைகளையும் விரித்து அளக்கும் அளவு. 430 பாகம் ஏறத்தாழ 786 மீட்டராகும். கொடைக்கானல் கடலுக்கு மேலே நிற்கும் உயரத்தில் இது பாதிகூட இல்லை; ஆனாலும் காற்றின் பாரத்தைப் போல் ஏறக்குறைய எண்பது மடங்கு பாரத்தோடு நீர் அங்கே அழுத்துகிறது.

அந்தச் சேற்றிருளில் கண் எதற்கு? அது தோலுக்கடியில் புள்ளியாய்ச் சுருங்கிவிட்டது. ஆழமில்லாத கடலின் மின் திருக்கைகளுக்கு வயிறு வெளுத்திருக்க, இதற்கோ முதுகும் வயிறும் ஒரே கருமை. தலையின் இருபுறமும் அமைந்த மின் உறுப்பு மட்டும் அழியவில்லை. அவ்வுறுப்பின் அதிர்ச்சி மின்சாரமே என்று 1772-இல் பிரெஞ்சுக் கரையில் பரிசோதித்துக் காட்டிய ஜான் வால்ஷ், சென்னைக் கோட்டையில் பிறந்து கிளைவின் காரியதரிசியாக இருந்தவர் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 1801-இல் ப்ளாக், ஷ்னைடர் என்போரின் நூலில் இடம்பெற்ற மற்றொரு மின் திருக்கையும் நம் தரங்கம்பாடியிலிருந்து போனதுதான்.

மாலுமிகளுக்குக் கடல்வழிப் படம் வரைவதே 'இன்வெஸ்டிகேட்டரின்' பிரதான உத்தியோகம். மீன் பிடித்தது இடையில் கிடைத்த அவகாசத்தில். அதற்கு முந்திய தலைமுறையில் செங்கடலையும் மாலத்தீவுகளையும் அளந்து, பவழப்பாறையில் மோதாமல் கப்பல்கள் செல்லும்படி படம் எழுதிக் கொடுத்த கப்பல் தலைவர் ராபர்ட் மோர்ஸ்பியை மறவாத ஆல்காக், தம் திருக்கைக்கு 'பெந்தோபாட்டிஸ் மோர்ஸ்பியை' என்று பெயரிட்டார். பிறர் கண்ணுக்குக் கடலைக் காட்டிய மனிதரின் பெயர், கண்ணில்லாத மீனின்மேல் நிலைத்துவிட்டது.