பரியாரி

ஈழத்துச் சிறுகதையொன்றில் வந்த ‘பரியாரியார்’ முடிதிருத்துபவர் என்றார் குமரி மாவட்ட நண்பர். கதையிலோ அவர் நாடி பார்க்கிறார், கசாயம் காய்ச்சச் சொல்கிறார்! பரிகாரம் செய்பவர் பரிகாரி, பேச்சில் பரியாரி. யாழ்ப்பாணத்தில் அவர் நாட்டு வைத்தியர். நண்பர் ஊரில் சவரத் தொழிலாளி. வேர் ஒன்றுதான். கத்தி பிடித்த அதே கை கட்டியும் கீறியது. நாவிதர் வீட்டுப் பெண் பிரசவம் பார்த்த மருத்துவச்சி. லண்டனிலும் 1540 முதல் 1745 வரை நாவிதரும் சர்ஜனும் ஒரே சங்கத்தில்தான் இருந்தார்கள். பிரிந்தபின் அங்கே சர்ஜனுக்கு மதிப்பு ஏறியது. இங்கே மருந்து கைவிட்டுப் போய்ச் சவரம் மட்டும் மிஞ்சியது, சொல்லில் ஏளனமும் ஒட்டிக்கொண்டது. இன்று மதிப்போடு சொல்லும் ‘டாக்டர்’ என்பதற்கோ மூலப்பொருள் ஆசிரியர் என்பதுதான். நோய் தீர்ப்பதைச் சொல்வது பரிகாரியே. வடசொல் வேண்டாதவர்களுக்கு ‘மருத்துவர்’ இருக்கிறது. பழைய கதைகளை மறுபதிப்பு செய்வோர் மட்டும் பரியாரியாரை மாற்றிவிட வேண்டாம்.