பாட்டி தோட்டுல இருக்கிறது 'ப்ளூ ஜாகரா'? மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

பாட்டியோட ஏழு கல் தோட்டைக் கொடுத்துட்டு புது டிசைன் எடுக்கலாம்னு அத்திப்பட்டுல ரயில் ஏறப் போறீங்களா? என்.எஸ்.சி. போஸ் சாலைக்குப் போறதுக்கு முன்னாடி, மொபைல் கேமராவை ஜூம் பண்ணி கல்லை நேர் மேலிருந்து பாருங்க. நடுவுல ஊசித்துளை மாதிரி குட்டி வட்டம் தெரிஞ்சா, அது 'ஓல்டு மைன் கட்' வைரமா இருக்கலாம்.

இப்போ வர்ற வைரத்துக்கு அடிப்பகுதி கூர்மையா முடியும். பழைய கல்லுல அந்த முனையைச் சீவிவிட்டிருப்பாங்க. அதுதான் வட்டமாத் தெரியுது. கல்லும் கச்சிதமான வட்டமா இல்லாம, மூலை மழுங்கின சதுரமா இருக்கும். எடை வீணாகக் கூடாதுன்னு, கிடைச்ச கல்லோட போக்குலயே கையால பட்டை தீட்டினதால வந்த வடிவம் இது. பட்டைகள் பெருசு. அதனால பொடிப்பொடியா மினுங்காது. தலையை அசைக்கும்போது நின்னு நிதானமா நிறம் அடிக்கும். குத்துவிளக்கு முன்னாடி பாருங்க, புரியும். ஷோரூம் எல்.இ.டி. வெளிச்சத்துல கொஞ்சம் மங்கலாத் தெரியலாம். அதை வெச்சு கல்லைக் குறைச்சு மதிப்பிடாதீங்க. 1919-ல மார்செல் டோல்கோவ்ஸ்கி கணக்குப் போட்டுச் சொன்ன கோணங்கள் பரவின பிறகுதான் இன்றைய வட்ட வைரம் ராஜாவாச்சு.

சரி, 'ப்ளூ ஜாகர்'? தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபொன்டைன் சுரங்கத்தின் பெயர்தான் நம்ம ஊர் வாயில 'ஜாகர்' ஆச்சு. 1870-ல அங்கே வைரம் கிடைச்சது. 1893-ல 995 காரட் 'எக்செல்சியர்' கிடைச்சதும் அங்கேதான். 1971-ல சுரங்கத்தை மூடிட்டாங்க. வெயில்ல லேசா நீலம் தட்டுற அந்த வெள்ளைக் கல்லுக்கு, செட்டிநாடு முதல் சென்னை வரை தனி மவுசு. ஆனா, புற ஊதா விளக்குல நீலமா ஒளிர்றதெல்லாம் ஜாகர் இல்லை. வேற சுரங்கத்துக் கல்லும் அப்படி ஒளிரும். விற்கிறவர் வாய்வார்த்தையை மட்டும் நம்பாதீங்க.

கல்லுல தோஷம் பார்க்கிறது நமக்கு ரொம்பப் பழைய பழக்கம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் கடைத்தெருவுலயே 'காகபாதம்' உள்ளிட்ட நாலு குற்றம் இல்லாத வைரங்கள் வருது!

கடைக்குப் போனா, உங்க கண்ணு முன்னாடியே கல்லைக் கழட்டி எடை போடச் சொல்லுங்க. பின்பக்கம் அடைச்ச தோட்டுல நிறமும் கீறலும் சரியாத் தெரியாது. ஹால்மார்க் முத்திரை தங்கத்துக்கு மட்டும்தான், வைரத்துக்கு இல்லை. சாதாரண டெஸ்டர் மாய்சனைட்டையும் வைரம்னு காட்டும். அதனால ரத்தினப் பரிசோதனைக் கூடத்துச் சான்றிதழ் வாங்கிடுங்க. 'புதுசா பட்டை தீட்டித் தர்றோம்'னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க. எடை குறையும், பழைய வெட்டும் போயிடும், அது திரும்ப வராது. டிசைன் பிடிக்கலைன்னா தங்கத்தை மட்டும் உருக்கி, அதே கல்லைப் புதுத் தோட்டுல கட்டிக்கலாம்.