பிக் ஆலின் கால்விரல்

விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டைனோசர் என்றதும் பிள்ளைகள் பல்லையும் நகத்தையும் பற்றித்தான் கேட்பார்கள். எனக்கு அவற்றின் ஆறிய காயங்கள்மீதுதான் ஆர்வம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

1991-இல் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், ஷெல் என்ற சிற்றூர் அருகே, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கிர்பி சீபரின் குழு ஓர் அலோசாரஸின் எலும்புக்கூட்டைக் கண்டது. அந்த இடம் அரசு நிலம் என்று தெரிந்ததும் அரசு தலையிட்டது. ராக்கி மலை அருங்காட்சியகமும் வயோமிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து தோண்டி எடுத்தன. 'பிக் ஆல்' என்று பெயர் வைத்தார்கள்.

ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த வேட்டை விலங்கு அது. சுமார் 8 மீட்டர் நீளம். ஆனாலும் முழு வளர்ச்சி எட்டாத இளசு! 2002-இல் ரெபேக்கா ஹன்னா வெளியிட்ட ஆய்வு, அதன் 19 எலும்புகளில் காயம் அல்லது நோய்த்தொற்றின் தடயங்களைப் பதிவு செய்தது.

செத்த பிறகு உடைந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். உயிரோடு இருக்கையில் எலும்பு முறிந்தால், முறிந்த முனைகளைச் சேர்த்துப் புது எலும்பு வளரும். கூடிய இடம் முடிச்சுபோல் தடித்துவிடும். செத்த எலும்பில் அது நடக்காது. பிக் ஆலின் விலாவில் அந்தத் தடிப்பு இருக்கிறது. அடிபட்டது, பிழைத்தது.

இரையும் சும்மா இருக்கவில்லை. வேறோர் அலோசாரஸின் வால் எலும்பில் ஒரு துளை. ஸ்டெகோசாரஸின் வால்முள் அதில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் என்னை உலுக்கியது பிக் ஆலின் வலது பாதத்து நடுவிரல்தான். அலோசாரஸ் மூன்று விரல்களை ஊன்றி நடக்கும். அவற்றில் நீளமானது நடுவிரல். அங்கே தொற்று எலும்புக்குள்ளேயே புகுந்துவிட்டது. அதைச் சுற்றிப் புது எலும்பு உறைபோல் வளர்ந்து வீங்கியிருக்கிறது. இது ஓரிரு நாளில் வளர்வதல்ல. அத்தனை நாளும் அது வலியோடு நொண்டியிருக்கும். ஓட முடியாத வேட்டை விலங்குக்கு ஏது சாப்பாடு? இந்த விரலே அதன் உயிரைக் குடித்தது என்று எலும்பை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முறிந்த விலாவைத் தாங்கிக்கொண்ட உடம்பு, ஒரு விரலின் புண்ணை ஆற்ற முடியாமலே மண்ணுக்குள் போனது.

கொன்று தின்னும் விலங்கின் வாழ்க்கை சுகமானது என்று நினைக்கிறோம். ஒவ்வொரு வேளை உணவுக்கும் அது தன் உடம்பைப் பணயம் வைத்தது. இனி அருங்காட்சியகம் போனால், பல்லைப் பார்த்த பிறகு விலாவையும் கால்விரலையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.